உளுந்து வேரில் முடிச்சு ஏன் குறைந்தது? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எட்டு கிலோ உளுந்து விதையில் கார்பென்டசிம், டிரைக்கோடெர்மா விரிடி, ரைசோபியம் (வேர்முடிச்சு பாக்டீரியா) மூன்றையும் ஒரே நேரத்தில் கலந்து விதைத்தேன். 30-ஆம் நாள் செடியைப் பிடுங்கிப் பார்த்தால் நாலைந்து முடிச்சுதான் இருக்கிறது. எங்கே தவறு?
– வாசகர், திருவாரூர் மாவட்டம்

பதில்: முதலில், பிடுங்கிப் பார்க்காதீர்கள். பிடுங்கினால் முடிச்சுகள் அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும். மண்வெட்டியால் ஒரு சாண் ஆழத்துக்கு மண்கட்டியோடு பெயர்த்து, வாளித் தண்ணீரில் ஊறவைத்து, மண் கரைந்த பிறகு வேரைப் பாருங்கள். ஒரு முடிச்சை நகத்தால் கிள்ளினால் உள்ளே ரோஜா நிறமோ சிவப்போ தெரிய வேண்டும். வெள்ளையாக இருந்தால் இன்னும் வேலை தொடங்கவில்லை, அல்லது அந்த மண்ணில் இருந்த திறனற்ற பாக்டீரியா உள்ளே புகுந்துவிட்டது. பச்சையாக இருந்தால் முதிர்ந்து ஓய்ந்த முடிச்சு.

அந்தச் சிவப்புக்குக் காரணம் லெக்ஹீமோகுளோபின். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிக்கும் நைட்ரோஜினேஸ் நொதி ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும். ஆனால் அதை வைத்திருக்கும் பாக்டீரியா மூச்சுவிட ஆக்சிஜன் வேண்டும். லெக்ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடித்துவைத்து, தேவைக்கு மட்டும் அளந்து கொடுக்கிறது. செடி சர்க்கரை கொடுக்கிறது, பாக்டீரியா அந்த நைட்ரஜனைத் தழைச்சத்தாகக் கொடுக்கிறது. மண்ணிலேயே தழைச்சத்து தாராளமாகக் கிடைத்தால் செடி சர்க்கரையைச் செலவழிக்காது, முடிச்சு விடுவதைத் தானே குறைத்துக்கொள்ளும். அதனால் உளுந்துக்கு யூரியாவை அள்ளிப் போட்டிருந்தாலும் இதே நிலைதான் வரும்.

உங்கள் கலவையிலேயே ஒரு முரண் இருக்கிறது. டிரைக்கோடெர்மா ஒரு பூஞ்சை, கார்பென்டசிம் பூஞ்சைக்கொல்லி. இரண்டையும் ஒரே விதையில் சேர்த்தால் டிரைக்கோடெர்மாவுக்குக் கொடுத்த காசு வீண். இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். நான் டிரைக்கோடெர்மாவைத்தான் எடுக்கச் சொல்வேன். கார்பென்டசிம் ஒரே நேரத்தில் கலந்தால் ரைசோபியத்தையும் பாதிக்கலாம்; போட்டே ஆக வேண்டுமென்றால் கிலோவுக்கு 2 கிராம் கலந்து, 24 மணி நேரம் கழித்தே ரைசோபியம் பூசுங்கள்.

அடுத்த முறை இப்படிச் செய்யலாம். கிலோவுக்கு 4 கிராம் வீதம் 32 கிராம் டிரைக்கோடெர்மாவை விதையில் பிரட்டி வையுங்கள். பிறகு, நன்றாக ஆறிய சோற்றுக் கஞ்சி கால் லிட்டர் முதல் 400 மில்லி வரை எடுத்து, பயறு வகைக்கான ரைசோபியம் 200 கிராம், மணிச்சத்தைக் கரைத்துக் கொடுக்கும் பாஸ்போபாக்டீரியா 200 கிராம் கரைத்து விதைமேல் பூசுங்கள். கஞ்சி சூடாக இருந்தால் பாக்டீரியா செத்துவிடும். நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி அன்றே விதையுங்கள். பொட்டலத்தில் எந்தப் பயிருக்கானது என்று கட்டாயம் பாருங்கள்: கொண்டைக்கடலைக்கான ரைசோபியம் உளுந்தில் முடிச்சு போடாது. நுண்ணுயிர் பூசிய விதையை டிஏபி உரத்தோடு கலந்து தூவவும் கூடாது.

கேள்வி: கேரட்டில் பலன் கொடுத்த வேம், முட்டைகோஸில் ஒன்றும் செய்யவில்லை. சரக்கு மோசமா?
– வாசகர், நீலகிரி

பதில்: சரக்கில் குறை இல்லை. வேம் என்கிற வேர் உட்பூசணம் கேரட் வேருக்குள் புகுந்து வாழும். முட்டைகோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, கடுகு குடும்பம் முழுவதும் அதை உள்ளே விடாது. கோஸுக்கு மட்டும் வாங்குவதை நிறுத்திவிடுங்கள். கேரட்டிலும் சூப்பர் பாஸ்பேட்டை அளவுக்கு மேல் போட்டால் வேம் வேரில் பரவாது.

கேள்வி: தென்னை நார்க்கழிவில் சிப்பிக் காளான் வித்து போட்டு 60 நாளாகியும் மக்கிக் கறுக்கவில்லையே?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: ஒரு டன் கழிவுக்கு 5 கிலோ யூரியா, 5 புட்டி வித்து என்பது கணக்கு. 100 கிலோவுக்கு ஓர் அடுக்கு. ஓர் அடுக்கின்மேல் வித்து, அடுத்த அடுக்கின்மேல் ஒரு கிலோ யூரியா என்று மாற்றி மாற்றிப் போட வேண்டும். இரண்டையும் ஒரே அடுக்கில் போட்டால் யூரியாவிலிருந்து வரும் அம்மோனியா காளான் இழையை வாட்டிவிடும். அடுத்த குறை ஈரம். மேலே நனைந்திருக்கும், நடுவே காய்ந்து கிடக்கும். குவியலின் நடுவிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள். நீர் சொட்டக்கூடாது, உள்ளங்கை நனைய வேண்டும். மேலே நிழல் அவசியம். மக்காத கழிவை வயலில் கொட்டிவிடாதீர்கள். அதன் கரிம–தழைச்சத்து விகிதம் 112:1. மக்கி 24:1 அளவுக்கு இறங்க வேண்டும். இறங்காத கழிவைப் போட்டால், அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலிருக்கும் தழைச்சத்தை எடுத்துக்கொள்ள, பயிர் வெளுத்துவிடும்.

கேள்வி: 2 கன மீட்டர் சாண எரிவாயுக் கலனில், விசேஷத்தில் மிஞ்சிய சோற்றைப் பத்துப் பதினைந்து கிலோ கொட்டினோம். வாயு சேரும் டிரம் மேலே எழும்புகிறது, அடுப்பு பற்றவில்லை.
– வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்: கலனுக்குள் ஒரே வகை நுண்ணுயிர் இல்லை. மாவுச்சத்தை அமிலமாக்கும் கூட்டம் சில மணி நேரத்தில் பெருகும். அந்த அமிலத்தையும், அதோடு உண்டாகும் ஹைட்ரஜனையும் மீத்தேனாக்கும் கூட்டம் பெருகப் பல நாள் ஆகும். சோறு விழுந்ததும் முதல் கூட்டம் ஓடிவிட்டது, இரண்டாவது பின்தங்கிவிட்டது. அமிலம் தேங்கி, கார அமிலநிலை (பிஎச்) 6.5-க்குக் கீழே போனால் மீத்தேன் கூட்டம் முடங்கும். ஹைட்ரஜனை எடுக்க ஆள் இல்லாததால் இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் அமிலத்தை உடைக்கும் நுண்ணுயிர்களின் வேலையும் நின்று, இன்னும் அமிலம் சேரும். இப்போது டிரம்மைத் தூக்குவது பெரும்பாலும் கரியமில வாயு. அது எரியாது.

சோறு, காய்கறிக் கழிவு அனைத்தையும் நிறுத்துங்கள். தேங்கிய வாயுவை, பக்கத்தில் நெருப்பு இல்லாத திறந்தவெளியில் வெளியேற்றுங்கள். மூக்கை அருகே கொண்டுபோகாதீர்கள், ஹைட்ரஜன் சல்பைடு நஞ்சு. வெளிவரும் கரைசலில் பிஎச் தாள் நனைத்துத் தினமும் குறித்துவையுங்கள். நான்கைந்து நாள் எதுவும் போடாமல் விட்டு, பிறகு சாணமும் தண்ணீரும் சம அளவில் கரைத்து, வழக்கமான 50 கிலோ சாணத்தில் பாதியோடு தொடங்குங்கள். நன்றாக எரியும் பக்கத்து வீட்டுக் கலனிலிருந்து ஐந்தாறு வாளிக் கரைசல் கிடைத்தால் சுண்ணாம்பைவிட அதுவே மேல். மீத்தேன் கூட்டம் அதிலேயே வந்துவிடும். சுண்ணாம்புத் தெளிவு ஊற்றுவதானால் கொஞ்சம் கொஞ்சமாக, தாளைப் பார்த்துக்கொண்டே ஊற்றுங்கள்.

தாள் 6.8-ஐத் தாண்டி, சுடர் நீலமாக நின்று எரிந்த பிறகு, சோற்றுக் கழிவை நாளுக்கு ஒரு கிலோவாகக் கூழாக்கிப் போடலாம். ஃபினாயில் ஊற்றிக் கழுவிய தொழுவத்துச் சாணமும், ஆன்டிபயாடிக் ஊசி போட்ட மாட்டின் சாணமும் கலனுக்குள் போகக்கூடாது.