எம்.பி. பேசினால் ஆலைமூடல் நிற்குமா?

கேள்வி: ஒரகடம் பக்கம் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். நிரந்தரத் தொழிலாளர் 240 பேர். ஒப்பந்தத் தொழிலாளரையும் சேர்த்தால் நானூறைத் தாண்டும். ஆர்டர் இல்லை, நஷ்டம், மூன்று மாதத்தில் மூடப்போகிறோம் என்று நிர்வாகம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டது. ஹெச்.ஆர். தினமும் பத்துப் பேரைக் கூப்பிட்டு 'விருப்ப விலகல்' படிவம் நீட்டுகிறார்கள். எங்கள் எம்.பி. நாடாளுமன்றத்தில் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். "டெல்லியில் ஆள் இருக்கிறது, அமைச்சரே பதில் சொல்கிற மாதிரி கேள்வி போடலாம்" என்று ஒருவர் தலைக்கு 2,000 ரூபாய் வசூலிக்கிறார். அவையில் பேசிவிட்டால் மூடுவது நிற்குமா ஐயா? அதுவரை காத்திருக்கலாமா?

பதில்: நிற்காது. எம்.பி. பேசினால் நிர்வாகத்துக்குக் கொஞ்சம் நெருக்கடி வரும், செய்தித்தாளில் நாலு வரி வரும். ஆலையை மூடாதே என்று ஒரு கம்பெனியைத் தடுக்கும் அதிகாரம் அந்தப் பேச்சுக்குக் கிடையாது. படிவத்தில் கையெழுத்துப் போடாமல் இருப்பது சரி. டெல்லியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது தவறு.

உங்கள் எம்.பி. பெரும்பாலும் பூஜ்ய நேரத்தில்தான், அதாவது உறுப்பினர்கள் அவசரப் பிரச்சினைகளை எழுப்பும் நேரத்தில்தான் பேசுவார். அந்த நேரத்தில் எழுப்பப்படும் விஷயத்துக்கு அமைச்சர் பதில் சொல்லியே ஆகவேண்டும் என்ற கட்டாயமில்லை. மக்களவை நடைமுறை விதிகளில் 377-ஆம் விதியின் கீழ் எழுப்பினால் பின்னால் ஒரு கடிதம் வரும். நேரடியாகப் பதில் வாங்கும் நட்சத்திரக் கேள்விக்குப் பதினைந்து நாளுக்கு முன்பே நோட்டீஸ் தரவேண்டும். மக்களவையில் நாளொன்றுக்கு இருபது கேள்விதான், அதுவும் குலுக்கலில். இத்தனையும் தாண்டி உங்கள் கேள்வி வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அமைச்சர் என்ன பதில் தருவார் என்று இப்போதே எழுதித் தருகிறேன்: "தனியார் தொழிற்சாலைகளைப் பொறுத்தவரை உரிய அரசு (முடிவெடுக்கவேண்டிய அரசு) மாநில அரசே." சட்டப்படி அது சரியான பதில். ரயில்வே, வங்கி, சுரங்கம், நெய்வேலி அல்லது சேலம் உருக்காலை மாதிரியான மத்தியப் பொதுத்துறை என்றால் நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன். ஒரகடத்து ஆலைக்குப் பதில் சொல்லவேண்டியவர்கள் கோட்டையில் இருக்கிறார்கள்.

அந்த 2,000 ரூபாயை மட்டும் தயவுசெய்து கொடுக்காதீர்கள். நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்க எந்தக் கட்டணமும் இல்லை. உங்கள் எம்.பி.யின் அலுவலகத்தில் ஒரு மனு கொடுத்தால் போதும். கேள்வி கேட்பதற்குப் பணம் வாங்கியதற்காக 2005 டிசம்பரில் இரு அவைகளிலுமாகப் பதினொரு எம்.பி.க்கள் பதவி நீக்கப்பட்டார்கள். உங்கள் ஆள் அந்த வழியில்தான் போகிறார் என்றால் அது குற்றம். போகவில்லை என்றால் பணத்தைச் சுருட்டப்போகிறார். ஆலை மூடப்போகிறது என்ற செய்தி பரவினால் இந்த மாதிரி ஆட்கள் எங்கிருந்துதான் முளைக்கிறார்களோ. சங்கத்துக்கு ஐம்பது ரூபாய் சந்தா கட்ட யோசிப்பவர்கள் இவர்களிடம் ரசீதுகூடக் கேட்பதில்லை.

அவை நடைமுறையைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும், ஏனென்றால் உங்கள் தலைவிதி அங்கேதான் ஒருமுறை மாற்றி எழுதப்பட்டது. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டப்படி நூறு அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள ஆலையை மூட அரசின் முன் அனுமதி தேவைப்பட்டது. அந்த நூறை முந்நூறாக்கியது பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு. 2020 செப்டம்பரில் கொரோனாவைக் காரணம் காட்டிக் கேள்வி நேரத்தையே ரத்துசெய்த கூட்டத்தொடரில் அது வந்தது. வேளாண் மசோதா ரகளையில் எட்டு உறுப்பினர்கள் இடைநீக்கம், எதிர்க்கட்சிகள் புறக்கணிப்பு. 22-ஆம் தேதி மக்களவையில் நிறைவேறி, மறுநாள் எதிர்க்கட்சி வரிசைகள் காலியாக இருந்த மாநிலங்களவையிலும் நிறைவேறிவிட்டது. வெளியே நின்றவர்கள் நடைமுறை மீறல் என்றார்கள், உள்ளே இருந்தவர்கள் அவமதிப்பு என்றார்கள். முந்நூறா நூறா என்று யாரும் யாரையும் மடக்கிக் கேட்கவில்லை. அவ்வளவு அவசரமாக நிறைவேற்றிய சட்டத்தை அமலுக்குக் கொண்டுவர 2025 நவம்பர் 21 வரை ஐந்து வருடம் எடுத்துக்கொண்டார்கள்! இதைப் பார்த்தபிறகு அவையில் யார் எப்போது வெளிநடப்புச் செய்தார்கள் என்ற செய்தியில் எனக்கு ஆர்வம் போய்விட்டது.

ஆக, உங்கள் வழக்கின் அச்சாணி அந்த முந்நூறு. கடந்த பன்னிரண்டு மாதத்தில் வேலை நாளொன்றுக்குச் சராசரியாக எத்தனை தொழிலாளர் என்பதுதான் கணக்கு. நிர்வாகம் 240 என்று காட்டும். ஒப்பந்தத் தொழிலாளரையும் சேர்க்கவேண்டும் என்று நீங்கள் வாதாடவேண்டியிருக்கும். அவர்கள் நேரடி உற்பத்தியில் உங்களோடு ஒரே லைனில் நின்றார்கள் என்று காட்ட முடிந்தால் அந்த வாதத்துக்கு வலு கூடும். ஷிப்ட் பட்டியல், பஸ் பட்டியல், கேன்டீன் டோக்கன், லைன் வாரியாக ஆட்களைப் போட்ட பலகையின் புகைப்படம், எது கிடைத்தாலும் இந்த வாரமே பத்திரப்படுத்துங்கள். மூடியபிறகு கேட்டைத் தாண்டி ஒரு காகிதமும் வராது.

முந்நூறு என்று நிறுவிவிட்டால், மூடுவதற்குத் தொண்ணூறு நாள் முன்னதாக நிர்வாகம் மாநில அரசிடம் விண்ணப்பிக்கவேண்டும், அதன் நகலைத் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கும் தரவேண்டும். அரசு உங்களையும் விசாரிக்கவேண்டும். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது: அறுபது நாளுக்குள் அரசு வாயைத் திறக்காவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். கோப்பு ஒரு மேஜையில் தூங்கினாலே ஆலை மூடிவிடும். உங்கள் எம்.எல்.ஏ.வுக்கு வேலை இங்கேதான். சட்டமன்றத்தில் கவன ஈர்ப்புக் கொண்டுவருவதோ, தொழிலாளர் துறை அமைச்சருக்கு எழுதுவதோ அந்த அறுபது நாளுக்குள் நடக்கவேண்டும்.

முந்நூறுக்குக் கீழ் என்று ஆகிவிட்டால் அனுமதி தேவையில்லை. அரசுக்கு அறுபது நாள் நோட்டீஸும், உங்களுக்கு இழப்பீடும் உண்டு: முடித்த ஒவ்வொரு ஆண்டுக்கும் பதினைந்து நாள் சராசரி ஊதியம், அதோடு ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம். கிராஜுவிட்டி தனி.

இழப்பீட்டு விஷயத்தில் ஒரு விதிவிலக்கை விலாவாரியாகச் சொல்கிறேன், உங்கள் நிர்வாகம் இதைத்தான் பிடித்துக்கொள்ளும். முதலாளியின் கட்டுப்பாட்டை மீறிய, தவிர்க்க முடியாத சூழ்நிலையால் ஆலை மூடினால் இழப்பீடு மூன்று மாதச் சராசரி ஊதியத்தைத் தாண்டவேண்டியதில்லை. பதினோரு வருடத்துக்கு உங்களுக்கு 165 நாள் ஊதியம் வரவேண்டிய இடத்தில் இதைச் சொல்லி மூன்று மாதத்தில் நிறுத்தப் பார்ப்பார்கள். "ஆர்டர் போச்சு, நாங்கள் என்ன செய்ய, கைமீறிப் போய்விட்டது" என்பார்கள். இந்த விதிவிலக்கைச் சொல்லும் அதே சட்டப் பிரிவின் விளக்கத்தைப் படியுங்கள். பண நெருக்கடி, நஷ்டம் இரண்டும் தவிர்க்க முடியாத சூழ்நிலை ஆகாது. விற்காத சரக்குத் தேங்கியதும் ஆகாது. குத்தகையோ உரிமமோ முடிந்ததும் ஆகாது. பழைய சட்டத்திலும் இப்படித்தான் இருந்தது, புதியதிலும் இப்படித்தான். வெள்ளமோ தீயோ இயந்திரத்தை அழித்துவிட்டது என்றால் அது வேறு பேச்சு. உங்கள் நிர்வாகம் நஷ்டம் என்று வாயால் சொல்லியிருக்கிறது அல்லவா? அதையே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அவர்கள் எழுதிக்கொடுக்கிற அந்தக் காரணமே இந்த விதிவிலக்கை மூடிவிடும்.

இனி அந்தப் படிவம். விருப்ப விலகல் என்று கையெழுத்துப் போட்டவர் சட்டத்தின் பார்வையில் ஆட்குறைப்புக்கு ஆளானவர் அல்ல, தானே போனவர். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தியை நிறுத்தியபோது, ஐயாயிரம் பேருக்கு மேல் அதற்கு முன்பே விருப்ப ஓய்வுத் திட்டத்தில் வெளியேறியிருந்தார்கள். நாடே பேசிய ஆலை, கடைசி நாளில் போராட மிஞ்சியவர்கள் கொஞ்சம் பேர். மறைமலைநகர் ஃபோர்டில் 2021 செப்டம்பரில் மூடல் அறிவிப்பு வந்தது. அங்கே தொழிலாளர் ஒன்றாக நின்று பேரம் பேசினார்கள். மறுவருடம் முடிவான தொகை, பணி ஆண்டுக்குச் சராசரியாக 140 நாள் சம்பளம் அளவுக்குப் போனது. ஃபோர்டு மாதிரி பணம் உங்கள் கம்பெனியிடம் இருக்காது என்பது எனக்கும் தெரியும். ஆனால் தினம் பத்துப் பேர் வீதம் ஹெச்.ஆர். அறைக்குள் போய் வந்தால் உங்கள் ஒற்றுமை பதினைந்து நாள்கூட நிற்காது.

சங்கம் இருந்தால் சங்கம் வழியாக, இல்லாவிட்டால் ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்து, தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடம் தகராறு எழுப்புங்கள். மனு கொடுத்ததற்கு முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். உடன்பாடு வந்தால் அதை சமரச அதிகாரி முன்பே போடுங்கள். இத்தனை வருடம் '12(3) ஒப்பந்தம்' என்று நாம் சொல்லிவந்தது அதுதான், எல்லாத் தொழிலாளரையும் கட்டும். ஹெச்.ஆர். அறைக்குள் போடும் ஒப்பந்தம் கையெழுத்திட்டவர்களை மட்டுமே கட்டும். பேச்சு முறிந்தால் தொழில் தீர்ப்பாயத்துக்குப் போக உங்களுக்குத் தொண்ணூறு நாள்தான்.

எம்.பி.யையும் வெறுமனே விட்டுவிடச் சொல்லவில்லை. சட்டமே பிரச்சினையாக இருக்கும்போது அவைகள் அசைந்ததுண்டு: பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிசெய்த தமிழக மசோதா 2023 ஏப்ரல் 21 அன்று கூட்டணிக் கட்சிகளின் வெளிநடப்புக்கிடையே குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது, மூன்றே நாளில் நிறுத்திவைக்கப்பட்டு, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக அறிவிக்கப்பட்டது. உங்களுடையது ஒரு கம்பெனி, ஒரு கோப்பு. ஆகவே பேச்சு வேண்டாம், மாநிலத் தொழிலாளர் துறைச் செயலருக்கு எம்.பி. ஒரு கடிதம் தரட்டும். அதில் நிர்வாகத்தின் பெயர், தொழிலாளர் எண்ணிக்கை, விண்ணப்பம் வந்ததா, வந்த தேதி என்ன என்ற கேள்விகள் இருக்கட்டும். கடிதத்தின் நகலும் அனுப்பிய எண்ணும் உங்கள் கையில் இருக்கவேண்டும்.