பெயர் வராவிட்டால் பரவாயில்லையா?

அன்புள்ள ஐயா,

நான் கேம் ஆர்ட்டிஸ்ட், நான்கு வருட அனுபவம். இரண்டு கேம்களில் வேலை செய்தேன். கிரெடிட்ஸில் பெயர் வரவில்லை, பரவாயில்லை. இப்போது கனடா ஸ்டுடியோ ஒன்று அழைக்கிறது. ஒர்க் பர்மிட் அந்த ஒரு நிறுவனத்துக்கு மட்டும்தான். அமெரிக்காவில் எச்-1பி விசாவில் இருந்த நண்பன் வேலை போய், 60 நாளில் வேறு கிடைக்காமல் திரும்பிவிட்டான். திறமை இருந்தால் இப்படி ஆகுமா? நான் போகலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நண்பரின் திறமையை அளக்க நீங்கள் யார்? 2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் தன் கேம் பிரிவில் 1,900 பேரை வேலையை விட்டு அனுப்புவதாக அறிவித்தது. அதே மாதம், கேம் உருவாக்கும் மென்பொருளைத் தரும் யூனிட்டி 1,800 பேரை. அத்தனை பேருக்கும் ஒரே மாதத்தில் திறமை வற்றிவிட்டதா? அந்த 60 நாளுக்குள் புது நிறுவனம் அவருக்காக மனு போட்டாக வேண்டும். ஆர்ட் டெஸ்ட், அப்புறம் மூன்று சுற்று நேர்காணல் என்று இழுத்தால் எங்கே முடியும்?

சரி, அது இருக்கட்டும். 'பரவாயில்லை' என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது.

நானும் ஒரு வெளிநாட்டு ஸ்டுடியோவில் இரண்டு வருடம் கேமுக்கு வசனம் எழுதினேன். விசா நீட்டிப்பு கிடைக்கவில்லை. வெளியீட்டுக்கு நான்கு மாதம் முன்பு கிளம்பினேன். கேம் வந்த இரவு விளையாடக்கூட இல்லை, நேரே கிரெடிட்ஸைத் திறந்தேன். இருபது நிமிடம் ஓடியது. தயாரிப்புக் காலத்தில் பிறந்த குழந்தைகளின் பெயர்களைப் போடுவது இந்தத் துறையில் ஒரு வழக்கம். அதுவும் வந்தது. அதில் இரண்டு குழந்தைகளை நான் தூக்கிக் கொஞ்சியிருக்கிறேன். என் பெயர் இல்லை. நானும் அன்று 'பரவாயில்லை' என்றுதான் சொல்லிக்கொண்டேன். முட்டாள்.

ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள், வேலையை வெளியே காட்ட முடியாது. அப்படியானால் நீங்கள் அங்கே இருந்ததற்கு அந்தப் பெயரைத் தவிர வேறென்ன அத்தாட்சி? நாளைக்கு அமெரிக்காவின் ஓ-1 விசா, அதாவது அசாதாரணத் திறமைக்கான விசா கேட்டால், பெயர் பெற்ற படைப்பில் உங்கள் பங்கு என்ன என்று ஆவணத்தோடு நிரூபிக்கச் சொல்வார்கள். ஹாலிவுட்டில் திரைக்கதை யாருடையது என்று முடிவு செய்ய எழுத்தாளர் சங்கம் இருக்கிறது. கேம் துறையில், சர்வதேச கேம் டெவலப்பர்கள் சங்கம் வழிகாட்டு நெறிகள் வைத்திருக்கிறது. பின்பற்றியாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அதனால் பாதியில் போனவன் பெயரை விட்டுவிடுவது சுலபம். விசா முடிந்தால் பாதியில் போக வேண்டியவன்தானே விசாவில் வந்தவன்!

அச்சான புத்தகம் என்றால் திருத்த முடியாது, விட்டுவிடலாம். கேமுக்குத்தான் வெளியான பிறகும் பேட்ச், அதாவது திருத்தம், மேல் திருத்தம் என்று வருகிறதே. அதில் ஒரு பெயரைச் சேர்க்க என்ன கேடு?

இந்த வாரமே அந்த இரண்டு ஸ்டுடியோவின் தயாரிப்பாளர்களுக்கும் மெயில் போடுங்கள். சண்டை வேண்டாம். சேர்ந்த தேதி, விலகிய தேதி, செய்த வேலை, அது போதும். பதில் வராவிட்டால் மறுபடி போடுங்கள்.

கனடாவா? போங்களேன். வேலை போனாலும் பர்மிட் முடியும்வரை அங்கே தங்கலாம், வேறு இடத்தில் சேரத்தான் புது அனுமதி வேண்டும். கையெழுத்துக்கு முன்னால், வெளியீட்டுக்கு முன்பே விலகினாலும் என் பெயர் வருமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நண்பரிடமும் இதைச் சொல்லுங்கள்.