2.5க்குப் பதிலாக 3.15 கெபாசிட்டர் போடலாமா?

கேள்வி: ரெகுலேட்டரை 5இல் வைத்தாலும் எங்கள் சீலிங் ஃபேன் மெதுவாகவே சுற்றுகிறது. அதன் கெபாசிட்டரில் ‘2.5 மைக்ரோஃபாரட் ±5%, 440 வோல்ட் ஏசி, 25/70/21’ என்று அச்சிட்டுள்ளது. கடையில் 3.15 தருகிறார்கள், வேகம் கூடும் என்கிறார்கள். ரெகுலேட்டருக்குள் ‘225ஜே 250’ என்று எழுதிய சிறு பெட்டி ஒன்றும் இருக்கிறது. அதையும் மாற்ற வேண்டுமா?

பதில்: 3.15ஐ வாங்க வேண்டாம். மோட்டாரின் துணைக் காயிலோடு தொடராக இணைந்து, அதில் ஓடும் மின்னோட்டத்தை முதன்மைக் காயிலின் மின்னோட்டத்திலிருந்து ஏறத்தாழ 90 பாகை விலக்கி வைப்பதே இந்தக் கெபாசிட்டரின் வேலை என்பதால், அதன் மதிப்பு அந்தக் காயிலுக்கென்றே கணக்கிடப்பட்டது. மதிப்பைக் கூட்டினால் முதலில் வேகம் கூடியதுபோலத் தோன்றலாம். ஆனால் துணைக் காயிலில் மின்னோட்டம் மிகுந்து மோட்டார் சூடேறும், நாளடைவில் காயில் கருகவும் கூடும்.

வீட்டு மின்சாரம் 230 வோல்ட்தானே என்று 250 வோல்ட் கெபாசிட்டரைப் போடுவதும் தவறு. காயிலோடு தொடராக இருப்பதால் கெபாசிட்டரின் முனைகளில் 230ஐ விட அதிக மின்னழுத்தம் எழும். 440க்குக் குறையக் கூடாது, ‘ஏசி’ என்ற சொல்லும் அதனுடன் இருக்க வேண்டும். பிளஸ், மைனஸ் குறியிட்ட எலக்ட்ரோலைட்டிக் வகை இங்கே வெடித்துவிடும்.

25/70/21 என்பது −25 முதல் 70 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும், 21 நாள் ஈரப்பதச் சோதனைக்கு உரியது என்பதைக் குறிக்கும். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையென்றால் நான் 85 உள்ளதையே தேடி வாங்குவேன்.

‘225ஜே’யை 2.25 என்று படித்துவிடாதீர்கள். 22க்குப் பின் 5 பூஜ்யம், அதாவது 22,00,000 பிகோஃபாரட், அது 2.2 மைக்ரோஃபாரட். ‘ஜே’ என்றால் ±5%. ரெகுலேட்டரை 5இல் வைக்கும்போது மின்சாரம் இந்தப் பெட்டியின் வழியே செல்லாமல் நேரடியாக ஃபேனுக்குப் போவதால், நீங்கள் சொல்லும் குறைக்கு அது காரணமில்லை.

மாற்றும் முன், மெயினை அணைத்து, கெபாசிட்டரில் தேங்கிய மின்னூட்டத்தை ஒரு பல்பு வழியாக இறக்கி, வயரைக் கழற்றி மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். உள்ளிருக்கும் உலோகம் பூசிய பிளாஸ்டிக் படலம் துளைபடும்போதெல்லாம் தன்னைத்தானே ஆற்றிக்கொண்டு சிறிது பரப்பை இழப்பதால், வெளியே புத்தம்புதிதாகத் தெரியும் கெபாசிட்டர்கூட 1.7 காட்டலாம். 2.375க்கும் 2.625க்கும் இடையில் காட்டினால் கெபாசிட்டரை விட்டுவிட்டு, பேரிங்கையும் வீட்டுக்கு வரும் வோல்டேஜையும் சோதியுங்கள்.