சண்டை தெரிந்தவரின் வீட்டு விசயம்

கேள்வி: கொடிகாமத்தில் உயர்தரம் படிக்கிறேன். அமெரிக்கத் தளபதி பெட்ரேயஸ் மனைவி அல்லாத பெண்ணோடு பழகியதால் பதவியை விட்டது சரியா என்று அரசறிவியல் வகுப்பில் விவாதம் வந்தது. "சண்டை பிடிக்கத் தெரிந்தவரின் வீட்டு விசயம் யாருக்கென்ன?" என்று பேசி வென்றேன். வீட்டில் சொன்னேன், அப்பா இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் சொன்னதில் என்ன பிழை?

பதில்: பிள்ளை, முதலில் ஒரு திருத்தம். 2012 நவம்பரில் விலகியபோது பெட்ரேயஸ் சீருடையில் இல்லை. முந்திய ஆண்டே இராணுவத்தில் ஓய்வுபெற்று, அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏயின் இயக்குநராகியிருந்தார். எதிரணி அதைப் பிடிக்காதது உங்கள் அதிர்ஷ்டம்.

யார் யாரோடு பழகினார் என்று துருவுவதை மதகடி அரட்டைக்கு விட்டுவிடலாம், அதில் நானும் உங்கள் பக்கம். ஆனால் இது வீட்டோடு நிற்கவில்லை. இரகசியத் தகவல்கள் எழுதிய குறிப்புப் புத்தகங்களையும் அந்தப் பெண்ணிடம் கொடுத்திருந்தார். 2015இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஒரு இலட்சம் டொலர் தண்டம் கட்டினார். மக்கிறிஸ்டல் என்ற தளபதியின் கதை வேறு. 2010இல் அவருடைய ஆட்கள் துணை ஜனாதிபதியைக் கேலி செய்தது ஒரு சஞ்சிகையில் வந்தது. ஒபாமா அவரை ஆப்கான் போர்த் தலைமையிலிருந்து எடுத்துவிட்டார். சண்டை தெரியாததற்காக அல்ல. துவக்கு வைத்திருப்பவர் துவக்கில்லாதவருக்குக் கட்டுப்படவேண்டும் என்பதற்காக.

காகிதத்தில் இது எங்களுக்கும் உண்டு. 1978 அரசியல் யாப்புப்படி, மக்கள் தெரிவுசெய்யும் ஜனாதிபதியே முப்படைக்கும் தலைவர். ஆனாலும் போர் முடிந்த 2009இலிருந்து 2015 தொடக்கம்வரை எங்கள் வட மாகாண ஆளுநராக இருந்தவர் ஒரு முன்னாள் மேஜர் ஜெனரல். ஓய்வுபெற்றால் அவரும் சிவிலியன்தானாம், சரி.

இனி மிருசுவில். உங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகலாம். 2000 டிசெம்பரில், இடம்பெயர்ந்திருந்த சனம் தங்கள் வீடு வளவைப் பார்க்கப் போன இடத்தில் 8 பேர் கொல்லப்பட்டார்கள். அதில் ஒரு பிள்ளைக்கு 5 வயது. வழக்கு இராணுவ நீதிமன்றத்துக்குப் போகவில்லை. 2015இல் கொழும்பு மேல் நீதிமன்றம்தான் இராணுவச் சார்ஜன்ட் ஒருவருக்கு மரண தண்டனை விதித்தது. 2019இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. பதினைந்து வருடம் இழுபட்டாலும், சிவில் சட்டம் ஒரு சீருடைக்காரரைத் தொட்டதை இங்கே கண்ணால் கண்டோம். அப்புறம் 2020 மார்ச்சில் ஜனாதிபதி பொதுமன்னிப்புக் கொடுத்து அவரை வெளியே விட்டார். மன்னித்தவரும் முன்னாள் லெப்டினன்ட் கேணல்.

போர் வீரரைச் சிறையில் வைக்கலாமா என்று தெற்கில் அப்போது கேட்டவர்களும் உங்கள் வாதத்தைத்தான் பேசினார்கள்: சண்டை பிடித்தவர், மற்றதைக் கேட்காதே. நீங்கள் அதை நினைத்துப் பேசவில்லை, எனக்குத் தெரியும். அப்பாவின் காதில் அது அப்படித்தான் விழுந்திருக்கும்.

மன்னிப்புக் கேட்கப் போகவேண்டாம், சங்கடப்படுவார். பின்னேரம் தேத்தண்ணி போட்டுக் கொடுத்து, 2000ஆம் ஆண்டு மாரியில் எங்கே இருந்தீர்கள் என்று மட்டும் கேளுங்கள். அவர் பேசத் தொடங்கக் கொஞ்ச நேரம் எடுக்கும். எழும்பிப் போய்விடாதீர்கள்.