வெள்ளரி ஜாடியில் வெள்ளை ஆடை: கொட்டிவிட வேண்டுமா?

கேள்வி: கணவரின் வேலைக்காக ஒரு வருடமாக போலந்தில், வ்ரோட்ஸ்வாஃப் நகரில் இருக்கிறோம். இந்த ஊர்ப் பாரம்பரியச் சமையலை எழுதும் போலிஷ் பிளாக் ஒன்றை மொழிபெயர்த்துப் படித்து வெள்ளரிக்காய் சூப் செய்தேன். ஒரே வினிகர் நெடி, வாயில் வைக்க முடியவில்லை. சரி, காயை நாமே புளிக்க வைப்போம் என்று உப்புநீரில் போட்டேன். ஆறாம் நாள் மேலே வெள்ளையாக ஆடை படிந்திருக்கிறது. காயும் கொஞ்சம் தொளதொள என்று இருக்கிறது. சாப்பிடலாமா, கொட்டிவிடவா?

பதில்: ஜாடியை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். ஆடை மெல்லியதாக, தட்டையாக, பால் ஏடு மாதிரி சுருக்கம் விழுந்து வெள்ளையாக இருந்தால் அது ஒரு வகை ஈஸ்ட். கெடுதல் இல்லை. கரண்டியால் வழித்து எடுத்துவிட்டு, காய்கள் உப்புநீருக்குள் முழுகி இருக்கும்படி மேலே ஒரு சின்னக் கிண்ணத்தைக் கவிழ்த்து அழுத்தி வையுங்கள். காய் மிதந்து காற்றைத் தொட்டதால் வந்த வினை இது. பஞ்சு மாதிரி உயரமாக, பச்சையாகவோ கறுப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ எதையாவது பார்த்தால், மேலே மட்டும் எடுத்துவிட்டுச் சாப்பிடும் சிக்கனம் வேண்டாம், ஜாடியோடு கொட்டுங்கள். தண்ணீர் கலங்குவது நல்ல அறிகுறி, அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள்.

அடுத்தது தொளதொளப்பு. ஒரு காயை எடுத்து விரல்களால் அழுத்துங்கள். வழவழப்பாகப் பிசுபிசுத்தால், நாற்றம் அடித்தால் குப்பைக்கு. வெறுமனே மொறுமொறுப்பு இல்லை என்றால் சூப்புக்குத் துருவிக்கொள்ளலாம். நீங்கள் வாங்கியது பிளாஸ்டிக் உறை போட்ட நீளமான சாலட் வெள்ளரி என்றுதான் எனக்குச் சந்தேகம். அது புளிக்க வைப்பதற்கான காயே இல்லை. தோலில் சின்னச் சின்ன முண்டுகளோடு, விரல் நீளத்துக்குக் குட்டையாக வரும் 'க்ருந்தோவே', அதாவது வயல் வெள்ளரிதான் வேண்டும். கோடையில்தான் மலிவாகக் கிடைக்கும். காம்புக்கு எதிர்ப்பக்கம், பூ இருந்த நுனியைக் கொஞ்சம் நறுக்கிவிடுங்கள். காயை இளக்கும் நொதி அங்கேதான் இருக்கிறது. குதிரைமுள்ளங்கி (ஹார்ஸ்ராடிஷ்) இலையோ செர்ரி இலையோ ஓக் இலையோ போடச் சொல்லியிருப்பார்களே, அது அலங்காரத்துக்கு அல்ல. இலையில் உள்ள துவர்ப்பு காயை மொறுமொறுப்பாக வைத்திருக்கும். உப்பைக் கரண்டிக் கணக்கில் போடாதீர்கள். கல்லுப்பு ஒரு கரண்டியும் பொடி உப்பு ஒரு கரண்டியும் ஒரே எடை இல்லை. லிட்டருக்கு 30 கிராமிலிருந்து 50 கிராம் வரை. கோடைச் சூட்டுக்கும் நீண்ட நாள் வைப்பதற்கும் கூடுதல் பக்கம் போங்கள்.

இனி வினிகர் நெடிக்கு வருவோம். உங்கள் சூப் கெட்டது கைப்பக்குவத்தால் இல்லை, மொழிபெயர்ப்பால். பிளாக்காரர் 'ஒகுர்கி கிஷோனே' என்று எழுதியிருப்பார். உப்புநீரில் தானாகப் புளித்த வெள்ளரி அது. கடையில் அதன் பக்கத்திலேயே 'கொன்ஸெர்வோவே' இருக்கும்: வினிகர், சர்க்கரை, கடுகு போட்டுச் சூடாக்கி அடைத்தது. மொழிபெயர்ப்புச் செயலிக்கு இரண்டும் ஒன்றுதான், 'ஊறுகாய்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடும். அதை நம்பி நீங்கள் வினிகர் பாட்டிலை எடுத்திருப்பீர்கள். நம் ஊரில் உப்பில் ஊறப்போட்ட மாவடுவையும் வினிகர் ஊற்றிய பாட்டில் ஊறுகாயையும் ஒன்று என்பீர்களா?

இதைவிடப் பெரிய கண்ணி மூன்றாவது சொல்: 'க்வஷோனே'. புளிக்க நாளாகும், இடம் அடைபடும், காசும் முடங்கும். அதனால் அமிலத்தை ஊற்றி ஓரிரு நாளில் புளிப்பேற்றி, இந்தச் சொல்லை ஒட்டி விற்பவர்கள் இருக்கிறார்கள். லேபிளில் அந்தச் சொல்லின் முதல் எழுத்தான 'கே'க்கு அடுத்தது 'ஐ' வருகிறதா, 'டபிள்யூ' வருகிறதா என்று பாருங்கள். டபிள்யூ என்றால் பாட்டிலைத் திருப்புங்கள். வெள்ளரி, தண்ணீர், உப்பு, சோயிக்கீரை (டில்), பூண்டு, குதிரைமுள்ளங்கி, இவ்வளவோடு பட்டியல் முடிந்தால் சரி. 'ஒட்செட்' (வினிகர்), 'க்வாஸ்' (அமிலம்) என்று எதாவது வந்தால், அல்லது ஈ 270, ஈ 330 என்ற அமிலக் குறியீட்டு எண்கள் இருந்தால், வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். முகப்பில் பாட்டி படமும் மரப்பீப்பாயும் பளிச்சென்று இருக்கும், அமிலத்தின் பெயர் மட்டும் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கும் எழுத்தில் பின்பக்கம். அமிலம் சேர்த்ததை முகப்பிலேயே கொட்டை எழுத்தில் போடு என்று ஒரு வரி விதி எழுத அதிகாரிகளுக்கு என்ன கஷ்டமோ!

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 'க்வஷோனே' என்றாலே மோசடி என்று நினைத்துவிடாதீர்கள். அகராதிப்படி இரண்டு சொல்லுக்கும் பொருள் ஒன்றுதான். சில வட்டாரங்களில் தலைமுறை தலைமுறையாக 'க்வஷோனே' என்றே பேச்சு வழக்கு. அங்கே ஒரு கிராமத்துப் பாட்டி தன் வீட்டு ஜாடியை அந்தப் பெயரில் நீட்டினால் அது அசல் சரக்குதான். எனவே அந்தச் சொல் வீட்டு ஜாடியில் இருந்தால் நம்புங்கள், தொழிற்சாலை லேபிளில் இருந்தால் பின்பக்கம் படியுங்கள், சந்தை வியாபாரி வாயில் வந்தால் ஒரு துண்டு வாங்கிச் சுவையுங்கள். வினிகர் மூக்கில் ஏறும், தானாகப் புளித்தது நாக்கில்தான் தங்கும்.

சந்தை என்றதும் நினைவுக்கு வருகிறது. நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஒரு வியாபாரி மரப்பீப்பாயிலிருந்து அள்ளிக் கொடுத்தார். மறுவாரம் சீக்கிரமாகவே போய்விட்டேன். தொழிற்சாலை வாளியைத் திறந்து அதே பீப்பாய்க்குள் கவிழ்த்துக்கொண்டிருந்தார்! இதற்கு நடுவில் சில பிளாக்குகள் 'புளிப்புத் தூள்' வாங்கச் சொல்லி இணைப்பு தருகின்றன. வாங்காதீர்கள். இட்லி மாவுக்குத் தூள் வாங்கியா புளிக்க வைக்கிறோம்? வெள்ளரித் தோலிலேயே வேண்டிய பாக்டீரியா இருக்கிறது.

இப்போது சூப்பை மறுபடி வையுங்கள். உருளைக்கிழங்கு நன்றாக வெந்த பிறகுதான் துருவிய வெள்ளரி சேர வேண்டும். பருப்பு வேகுமுன் புளி ஊற்றினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும், இங்கேயும் அதேதான், கிழங்கு கட்டையாக நின்றுவிடும். ஜாடித் தண்ணீரை ஒரு கரண்டி, ருசி பார்த்து இன்னொரு கரண்டி என்று ஊற்றுங்கள், அதுவரை உப்புப் போடாதீர்கள். ஷ்மியெத்தானா எனும் புளித்த கிரீமை நேராகக் கொட்டினால் திரிந்துவிடும். ஒரு கிண்ணத்தில் இரண்டு கரண்டி சூடான சூப்போடு அடித்துக் கலக்கி, அடுப்பை அணைத்தபின் ஊற்றுங்கள். கடைசியில் பொடியாக அரிந்த சோயிக்கீரை, கைநிறைய.