ரெஃப்யூஸ்ட்: 1998க்கு முந்தைய ஏழு ஆண்டுகள் (கேள்வி பதில்)

ஸ்வீடன் நாட்டு ஹார்ட்கோர் பங்க் (வேகமும் கத்தலும் மிகுந்த ராக் இசை) குழுவான ரெஃப்யூஸ்ட் பற்றிக் கேளுங்கள் என்றதும் வந்து குவிந்தவற்றில் பெரும்பாலானவை 1998இல் வெளியான ‘தி ஷேப் ஆஃப் பங்க் டு கம்’ ஆல்பத்தைப் பற்றிய கேள்விகள்தாம். அதைப் பற்றி எல்லோரும் எழுதியாகிவிட்டது. அதற்கு முந்தைய காலத்தைத் தொட்ட கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

எங்கே, எப்போது, யார் தொடங்கினார்கள்?

வடக்கு ஸ்வீடனில் உமேயோ என்ற நகரம். ஸ்டாக்ஹோமிலிருந்து வடக்கே சுமார் 600 கிலோமீட்டர். 1991இல் குழு உருவானது. பாடகர் டென்னிஸ் லிக்சேன். டிரம்ஸ் டேவிட் சாண்ட்ஸ்ட்ரோம். லிக்சேன் அதற்கு முன்பே ஸ்டெப் ஃபார்வர்ட் என்ற ஹார்ட்கோர் குழுவில் கத்திப் பழகியவர். கடைசிவரை நிலைத்தவர்கள் இந்த இருவர்தாம். மற்ற இடங்களில் ஆட்கள் மாறினார்கள். பாஸ் கிட்டாருக்கோ ஆள் தங்கவே இல்லை.

ஐயா, அவ்வளவு தொலைவில் உள்ள சிறு நகரத்திலிருந்து இப்படியொரு குழு எப்படி வந்தது? குளிரும் இருட்டும்தான் காரணம் என்கிறார்களே?

டிசம்பரில் அங்கே பிற்பகல் இரண்டு மணிக்கே சூரியன் மறைந்துவிடுகிறது, உண்மைதான். ஆனால் வட ஸ்வீடன் முழுவதுமே இருட்டுதான். ஊருக்கு ஊர் ரெஃப்யூஸ்ட் முளைக்கவில்லையே!

என் கணக்கில் காரணங்கள் வேறு. ஸ்வீடனில் நகராட்சியே இசைப்பள்ளி நடத்துகிறது. பள்ளிப் பிள்ளைகள் குறைந்த கட்டணத்தில் கருவிகள் கற்கலாம். அடுத்தது, அரசு மானியம் பெறும் கல்விச் சங்கங்கள். தொழிலாளர் இயக்கம், தேவாலயம், மதுவிலக்கு இயக்கம் என ஒவ்வொன்றும் இப்படிச் சங்கம் வைத்திருக்கிறது. நான்கு இளைஞர்கள் சேர்ந்து ‘படிப்பு வட்டம்’ என்று பதிந்துகொண்டால் ஒத்திகைக்கு அறை கிடைக்கும். அறைக்குள் அவர்கள் படிப்பது ஹார்ட்கோர் பங்க் என்றாலும் யாரும் கதவைத் தட்டிக் கேட்பதில்லை. அரசைத் திட்டிப் பாடவும் அரசே இடம் கொடுத்தது. எனக்கு இதில் முரண்பாடு தெரியவில்லை. நல்ல நிர்வாகம்தான் தெரிகிறது.

மூன்றாவது, 1965இல் அங்கே திறக்கப்பட்ட பல்கலைக்கழகம். மாணவர்கள் வந்தார்கள், கூடவே இடதுசாரி அரசியலும் வந்தது. ‘சிவப்பு உமேயோ’ என்ற பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. கனத்த கிட்டார் ஒலி கொண்ட மெட்டல் இசை உலகம் கொண்டாடும் மெஷுகா குழுவும் இதே ஊர்தான், 1987இல் தொடங்கிய குழு. அதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இவர்களுக்கு முன்பு ஸ்வீடனில் ஹார்ட்கோர் இல்லையா?

தாராளமாக இருந்தது. ஆன்டி சிமெக்ஸ், மாப் 47 ஆகியவை 1980களின் தொடக்கத்திலேயே கலக்கியவை. ஆனால் அவை இங்கிலாந்தின் டிஸ்சார்ஜ் குழுவின் வழிவந்தவை. ரெஃப்யூஸ்ட் பார்த்தது அமெரிக்காவை, முக்கியமாக நியூயார்க்கை. ஒரே நாடு, இரண்டு பரம்பரை.

மது, சிகரெட் தொடமாட்டார்கள், இறைச்சியும் உண்ணமாட்டார்கள் என்பது நிஜமா, விளம்பரமா?

நிஜம். ‘ஸ்ட்ரெய்ட் எட்ஜ்’ என்ற அந்த ஒழுக்கம் வாஷிங்டனின் மைனர் த்ரெட் குழு 1981இல் வெளியிட்ட பாடலிலிருந்து கிளம்பியது. உமேயோவில் அது பால், முட்டையும் தவிர்க்கும் வீகன் உணவோடும் விலங்குரிமைப் போராட்டத்தோடும் சேர்ந்துகொண்டு, 90களில் ஊர் இளைஞர்களிடையே ஓர் அலையாகவே எழுந்தது. இன்னொரு உள்ளூர்க் குழுவான அபினந்தாவின் பாடகர் ஹோசே சாக்ஸ்லுண்டும் லிக்சேனும் சேர்ந்து 1993இல் டெஸ்பரேட் ஃபைட் என்ற இசைத்தட்டு நிறுவனத்தையும் தொடங்கினார்கள். பங்க் என்றால் போதை என்று நினைப்பவர்களுக்கு இந்த ஊர் குழப்பமாகத்தான் இருக்கும்.

அண்ணா, நான் கிட்டார் கற்கும் மாணவன். முதல் ஆல்பத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் ஆளே மாறிவிட்டது போல இருக்கிறதே?

காது சரியாகத்தான் கேட்கிறது தம்பி. ஆட்களும் மாறினார்கள். 1993இல் ‘திஸ் இஸ் த நியூ டீல்’ என்ற, சில பாடல்கள் மட்டும் கொண்ட சிறு வெளியீடு (இ.பி.), 1994இல் ‘திஸ் ஜஸ்ட் மைட் பி... த ட்ரூத்’ என்ற முதல் ஆல்பம், இரண்டும் பர்னிங் ஹார்ட் நிறுவன வெளியீடுகள். வேகம் உண்டு, கோபம் உண்டு, கூட்டமாகக் கத்தும் பல்லவிகள் உண்டு. ஆனால் அமெரிக்கக் குழு ஒன்றின் பெயரைப் போட்டுக் கொடுத்தாலும் நம்பிவிடலாம். நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த வயதில் எல்லோரும் யாரையாவது நகலெடுத்துத்தான் கற்கிறார்கள்.

1996இல் வந்த ‘சாங்ஸ் டு ஃபேன் த ஃப்ளேம்ஸ் ஆஃப் டிஸ்கன்டென்ட்’ வேறு ரகம். அதற்குள் கிறிஸ்டோஃபர் ஸ்டேன், யோன் பிரென்ஸ்ட்ரோம் இருவரும் கிட்டாருக்கு வந்துவிட்டார்கள். இசையில் மெட்டல் ஏறிவிட்டது. ஒரு பாடலுக்கு ‘த ஸ்லேயர்’ என்றே பெயர், ஸ்லேயர் என்பது புகழ்பெற்ற அமெரிக்க மெட்டல் குழு. முதல் பாடல் ‘ராதர் பி டெட்’டைக் கவனி. வேகமாக ஓடுவதை விட, எங்கே நிறுத்துவது என்பதில்தான் அதன் பலம் இருக்கிறது. கிட்டார் சட்டென்று அறுந்து, அந்த இடைவெளியில் லிக்சேனின் தொண்டை மட்டும் ஒலிக்கும்போது தாளம் இன்னும் இறுகுகிறது. உன் ஆசிரியர் இடைவெளிகளைப் பற்றிச் சொல்லித் தரவில்லை என்றால் இதை வைத்துக் கற்றுக்கொள். அமெரிக்காவில் விக்டரி நிறுவனம் வெளியிட்டதால் கடல் கடந்தும் பெயர் பரவியது.

அந்த நீளமான தலைப்புக்கு என்ன பொருள்?

அதிருப்தியின் தீயை விசிறிவிடும் பாடல்கள். அவர்கள் கற்பனை அல்ல, கடன் வாங்கியது. 1905இல் சிகாகோவில் தொடங்கிய ஐ.டபிள்யூ.டபிள்யூ. (இண்டஸ்ட்ரியல் வொர்க்கர்ஸ் ஆஃப் த வேர்ல்ட்) தொழிற்சங்கத்தின் சிவப்புப் பாட்டுப் புத்தகத்தில் உள்ள வாசகம் அது. அதில் பல பாடல்களை எழுதியவர் ஜோ ஹில். அவரே ஸ்வீடன்காரர், 1879இல் யெவ்லே நகரில் பிறந்தவர். அமெரிக்காவில் கொலைக் குற்றம் சாட்டப்பட்டு 1915இல் யூட்டா மாநிலத்தில் மரண தண்டனையாகச் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தத் தீர்ப்பு நியாயமானதா என்ற சர்ச்சை இன்றும் ஓயவில்லை. அமெரிக்க இசையைக் கேட்டு வளர்ந்த ஸ்வீடன் இளைஞர்கள், அமெரிக்கா போன ஒரு ஸ்வீடன்காரரின் பாட்டுப் புத்தகத்தைத் தேடிப்போய் எடுத்திருக்கிறார்கள். எனக்கு இந்தக் குழுவிடம் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

இவ்வளவு உழைத்தவர்கள் ஏன் 1998லேயே கலைந்தார்கள்?

ஒருவரையொருவர் சகிக்க முடியாத நிலை. மூன்றாவது ஆல்பமான ‘தி ஷேப் ஆஃப் பங்க் டு கம்’ வெளிவந்த நேரத்தில் அமெரிக்கச் சுற்றுப்பயணத்திலேயே உடைந்தது. கடைசிக் கச்சேரி வர்ஜீனியாவின் ஹாரிசன்பர்க்கில், ஒரு வீட்டின் நிலவறையில். அதையும் போலீஸ் வந்து பாதியில் நிறுத்தியது. புகழ் பிறகுதான் வந்தது. 2012இல் மீண்டும் கூடியபோது கலிபோர்னியாவின் கோசெல்லா இசை விழாவின் பெரிய கூட்டம் காத்திருந்தது.

எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

1996 ஆல்பத்திலிருந்து. பிடித்தால் பின்னோக்கி 1994க்குப் போங்கள். 1991, 1992 டெமோக்களை (ஆல்பத்துக்கு முந்தைய மாதிரிப் பதிவுகளை) சேர்த்து 1997இல் ஒரு தொகுப்பும் வந்தது. ஒலிப்பதிவு கரகரவென்றுதான் இருக்கும். அது உங்கள் ஸ்பீக்கரின் பழுது அல்ல.