நாக்கு எங்கே தொட வேண்டும்? உச்சரிப்பு பற்றிய வாசகர் கேள்விகள்

கேள்வி: தரம் 6 பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறேன். ‘இஸ்கூல்’, ‘புக்கு’ என்றுதான் வாசிக்கிறார்கள். சொல்லுக்கு மேலே தமிழில் உச்சரிப்பை எழுதிக் கொடுக்கலாமா?
– ஆசிரியை, மல்லாவி

பதில்: வேண்டாம். குளிருக்குப் போடுவதும் ‘கோட்’, ஆடும் ‘கோட்’. பனிக்கட்டியும் ‘ஐஸ்’, கண்களும் ‘ஐஸ்’. தமிழ் எழுத்தில் வேறுபாடு காட்ட வழியில்லை. ஒருதடவை பென்சிலால் எழுதிக்கொண்ட பிள்ளை அதைத்தான் வாசிக்கும். உங்கள் வாயைப் பார்க்காது.

‘இஸ்கூல்’ கவனக்குறைவால் வருவதல்ல. தமிழ்ச் சொல் இரண்டு மெய்யோடு தொடங்காது, ஆகவே நாக்கு முன்னுக்கு ஓர் இகரத்தை வைத்துக்கொள்கிறது. பாம்பு சீறுவதுபோல ‘ஸ்ஸ்ஸ்’ என்று நீட்டச் சொல்லி, மூச்சை நிறுத்தாமல் ‘கூல்’ சேர்க்கச் சொல்லுங்கள். பிறகு சீறலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். ‘புக்கு’வின் உகரமும் இப்படித்தான்: வல்லின மெய்யில் தமிழ்ச் சொல் முடியாது. உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லை ஒட்டிப் பழக்குங்கள். ‘புக் இஸ்’ என்பதை ஒரே மூச்சில் ‘புக்கிஸ்’ என்றால் உகரத்துக்கு இடமே இல்லை.

அடுத்த சிக்கல் பகரம். கொப்பியில் இருந்து கிழித்த இரண்டு விரல் அகலக் கடதாசித் துண்டை உதட்டுக்கு முன்னால் தொங்கப் பிடித்து, பேனையைக் குறிக்கும் ‘பென்’ சொல்லச் சொல்லுங்கள். கடதாசி துள்ள வேண்டும். தமிழில் ‘பல்’ என்றால் துள்ளாது. துள்ளாமல் சொன்ன ‘பென்’ ஆங்கிலேயர் காதில் ஓர் ஆணின் பெயராக விழும். (அந்தப் பெயரையும் தமிழில் ‘பென்’ என்றுதான் எழுதுவோம்!) ‘ஃபான்’ என்பதற்குக் கீழுதட்டின் உட்பக்கத்தில் மேற்பல் மெல்லத் தொட, இடைவெளியால் காற்றுப் போகும். இந்த ஒலியை ஐந்து விநாடி நீட்டலாம். நீட்ட முடியாவிட்டால் பிள்ளை பகரம்தான் சொல்கிறது.

ஒன்று எங்களுக்கு இலகு. ‘வெற்றி’, ‘காற்று’ என்று எங்கள் ஊர்ப்பக்கம் சொல்லும்போது நாக்கு நுனி மேற்பல்லுக்குப் பின்னால் உள்ள மேட்டில் தொடுகிறது. ஆங்கில ‘ரீ’ (T) எழுத்தின் ஒலிக்கும் அதே இடம்தான். அதிலிருந்து தொடங்குங்கள்; டகரத்துக்குப்போல நாக்கை மடிக்கத் தேவையில்லை.

கேள்வி: பிரான்ஸில் பிறந்த பேரன் விடுமுறைக்கு வந்து நிற்கிறான். ‘படம்’, ‘பட்டம்’ இரண்டும் அவனுக்கு ஒன்று. ‘மரம்’ தொண்டைக்குள் கரகரக்கிறது. ஏசாமல் எப்படித் திருத்துவது?
– விசுவமடு வாசகி

பதில்: அம்மா, அவனுக்கு வசதியானதும் இருக்கிறது. பிரெஞ்சில் தகரம் பல்லில் தொட்டே பிறக்கிறது. ப, த, க மூன்றும் ஆங்கிலத்தைப்போலக் காற்றடிப்பதில்லை. ஆகவே ‘தம்பி’, ‘பால்’ சுத்தமாக வரும். வராதது நீளம். ‘பட்டம்’ என்பதில் நாக்கு மேலே ஒட்டியபடி ஒரு கணம் நிற்க வேண்டும். ‘பட்’ என்று கையைத் தட்டி, தட்டிய கையைப் பிரிக்காமல் வைத்திருந்து, ‘டம்’ என்று விடச் சொல்லுங்கள். ‘படம்’ என்றால் கை ஒட்டி நிற்காது. உயிரெழுத்துக்கும் இப்படியே: பல்–பால், விடு–வீடு.

பிரெஞ்சு ரகரம் தொண்டையடியில் பிறப்பது. எங்கள் ரகரத்துக்கு நாக்கு நுனி பல்லுக்குப் பின்னால் உள்ள மேட்டை ஒருதடவை தட்டினால் போதும். டகரத்துக்கு, நுனியைப் பல்லில் இருந்து அண்ணத்தோடு உரசிக்கொண்டு பின்னால் இழுக்கச் சொல்லுங்கள். மேடு முடிந்து பள்ளம் தொடங்கும் இடத்தில் தொட்டால் ‘ட’.

கனடாப் பேரன் என்றால் கதை மாறும். அவன் ‘காகம்’ என்பதன் முதல் ககரத்தில் காற்றடிப்பான். ஆனால் அவனுடைய ஆங்கில ரகரத்தில் நாக்கு எங்கும் தொடாததால் ழகரத்துக்கு அதுவே நல்ல வாசல். பயிற்சிக்கு ஊர்ப்பெயர்கள் போதும்: ழகரத்துக்கு முழங்காவில், இரட்டை டகரத்துக்கு ஒட்டுசுட்டான். ற்ற, ப்ப, ள மூன்றும் சேர்ந்து வரும் வற்றாப்பளையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ழகரத்துக்காகப் பிள்ளையை வாட்ட வேண்டாம். வீட்டுக் கதையில் நாங்களே அதைப் பாதிநேரம் ளகரமாகத்தான் சொல்கிறோம்.

கேள்வி: கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) சிங்கள உத்தியோகத்தர்களுக்குத் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். வலி, வளி, வழி மூன்றையும் ஒரேமாதிரிச் சொல்கிறார்கள்.
– வவுனியா வாசகர்

பதில்: சிங்களத்தில் ல, ள இரண்டுக்கும் தனித்தனி எழுத்து உண்டு, ந, ண இரண்டுக்கும் அப்படியே. பேச்சில்தான் வேறுபாடு இல்லை. அதனால் இது அவர்களுக்கு எழுத்துப் பிழைச் சங்கதி. காது பிரித்துக் கேட்டுப் பழகியதில்லை. முதல் வாரம் அவர்களைப் பேச விடாதீர்கள். வாயைக் கடதாசியால் மறைத்துக்கொண்டு ‘பல்லி–பள்ளி’, ‘ஆனி–ஆணி’ போன்றவற்றில் பத்துச் சொல் கலந்து சொல்லுங்கள். முதல் ஒலி என்றால் ஒரு விரல், மற்றது என்றால் இரண்டு விரல். ஒவ்வொரு சொல்லுக்கும் சரி பிழையை உடனே சொல்லிவிட வேண்டும். பத்துக்கு எட்டுச் சரியாக வந்தபிறகுதான் வாயைத் திறக்க வேண்டும். கேட்காத ஒலியைச் சொல்லச் சொன்னால் பழைய ஒலியே இன்னும் இறுகும். ழகரத்தைக் கடைசிக்கு விடுங்கள்.

கேள்வி: சிங்களம் படிக்கிறேன். மலையைச் சொன்னால் மரத்தின் தண்டு என்று விளங்கிக்கொள்கிறார்கள்.
– மாங்குளம் வாசகர்

பதில்: சிங்களத்தில் அரை மூக்கொலி ஒன்று உண்டு. மலைக்குரிய சொல்லை எங்கள் ‘கந்தன்’ போல ‘கந்–த’ என்று பிரித்து, ந் ஒலியை முழுதாக நிறுத்த வேண்டும். தண்டுக்கு முதல் அசை வெறும் ‘க’. மூக்கொலி இரண்டாம் அசையின் தலையில் ஒட்டிக்கொண்டு சட்டென்று போய்விடும். நீங்கள் மலையில் ந் ஒலியை அவசரப்படுத்துகிறீர்கள். புத்தகத்தில் உள்ள மகாப்பிராண எழுத்துகளுக்கு, அதாவது மூச்சோடு சொல்லவென்று உள்ள எழுத்துகளுக்கு, காற்றடிக்கச் சிரமப்படவேண்டாம். பேச்சில் யாரும் அடிப்பதில்லை.

கேள்வி: பிரித்தானிய உச்சரிப்பா, அமெரிக்க உச்சரிப்பா நல்லது?
– மாணவன், கிளிநொச்சி

பதில்: எதுவானாலும் சரி, அழுத்தம் விழும் இடத்தைப் பிடியுங்கள். ‘போட்டோகிராப்’பில் முதல் அசை, படம் எடுப்பவரைச் சொல்லும்போது இரண்டாம் அசை, ‘போட்டோகிராபிக்’கில் மூன்றாம் அசை. ஒரு றபர் வளையத்தை இரண்டு கையாலும் பிடித்து, அழுத்தம் வரும் அசையில் மட்டும் இழுத்து வாசியுங்கள். மற்ற அசைகளில் தளர்ந்தே இருக்கட்டும்.